சீவின பக்கம்

றுக்கியா தன் புருசனைத் திருகோணமலைக்கு ஏலத்துக்கு அனுப்பியது இரண்டு கதவும் நாலு யன்னலும் வாங்கி வரத்தான். அதைக் குசினிக்குள் வைத்து ஒருதரம் சொன்னாள். வாசல் படலையடியில் நின்று இன்னொருதரம் சொன்னாள்.

"கதவு ரெண்டு. யன்னல் நாலு. வேற ஒண்டும் வேணாம்."

முஹம்மது தம்பி முதலாளி தலையாட்டினார். அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினால் மனதில் வேறேதோ ஓடுகிறது என்பது கலியாணம் முடித்த மாதமே அவளுக்கு விளங்கிப்போன சங்கதி.

வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறிய அடுத்த வருசம் அது. அவன் விட்டுப்போன சாமான்கள் கிழமைக்குக் கிழமை ஏலத்தில் போய்க்கொண்டிருந்தன. கட்டில், கதிரை, அலுமாரி தொடங்கித் துரைமார் குந்தி எழும்பின வெள்ளைப் பீங்கான் வரைக்கும் வந்தது. அந்த ஒரு வருசத்துக்குள் சுற்றுவட்டாரத்து ஊர்களிலெல்லாம் நாகரிகம் தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது. றுக்கியாவின் ஊரான கிண்ணியாவில் ஒருவர் அந்தப் பீங்கானை முற்றத்து நடுவில் நட்டு, ரோசாச் செடி வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றினார். கிளிவெட்டியில் ஒரு எருமை கழுத்தில் கப்பல் மணியோடு வயலுக்குப் போய்வந்தது.

பொழுது சாயும் நேரம் துறையடியிலிருந்து சனத்தின் சத்தம் கேட்டது. றுக்கியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்ப் பார்த்தாள். பாதை வந்துகொண்டிருந்தது. பாதை என்று அந்த ஊரில் சொல்வது மண்ணில் கிடக்கிறதை அல்ல; வள்ளங்களின் மேல் பலகை அடித்து, கம்பியைப் பிடித்து இழுத்துத் தண்ணீரைக் கடக்கிற மிதவையை. அன்று அது ஒரு பக்கம் சரிந்து வந்தது. சரிந்த பக்கத்தில் நாலு காலோடு ஒரு இரும்புச் சாமான். நிமிர்ந்த பக்கத்தில், பாரத்தைச் சமன்படுத்துவதற்காக, வந்த சனமும் இரண்டு மாடும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. இரும்பின் மேல் ஒரு கையை வைத்து, மற்றக் கையை இடுப்பில் ஊன்றி, துறைமுகத்தைத் தானே பொறுப்பெடுத்து வருகிறவர் போல நின்றார் முஹம்மது தம்பி முதலாளி.

"கதவு எங்க?" என்றாள் றுக்கியா.

"கதவை எந்த ஓடாவியும் செய்வான். இதச் செய்ய ஏலுமா அவனால?"

"இது என்ன செய்யும்?"

முதலாளி இரும்பை ஒருதரம் தட்டிக் கொடுத்தார்.

"எல்லாம் செய்யும்" என்றார்.

*

அந்தப் பக்கத்து முஸ்லிம்களிடையே பெண்ணுக்கு வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளை இல்லை. மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்வான். வீடு பெண்ணின் பேரில் இருக்கும். கடைசிவரை அவன் அங்கே வந்தவன்தான். முஹம்மது தம்பியும் அப்படி வந்தவர்தான். மரம் விற்கிற மரக்காலை வைத்து, முதலாளி என்று பேரெடுத்து, ஊரே எழும்பி இடம் கொடுக்கிற ஆளாகிவிட்ட பிறகும், கோபம் வந்தால் றுக்கியா "என்ட வீட்டுக்க நிண்டு கத்த வேணாம்" என்று சொன்னால் முற்றத்தில் இறங்கி நின்றுதான் கத்துவார்.

மகள் பரீனாவுக்கு ஒரு இடம் பேசி, தங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே அவளுக்குக் கட்டுகிற வீட்டின் சுவர் எழும்பாததால் அது நழுவிப் போயிருந்தது. இப்போது வந்திருப்பது இரண்டாவது. மூதூர் அலியார் விதானையாரின் மகன். ஊர்த்தலைமை உத்தியோகத்திலிருந்து விதானையார் ஓய்வுபெற்று வெகுகாலம் என்றாலும், "முன்னாள்" என்கிற சொல்லை யாரும் அவர் காதுபட உச்சரித்ததில்லை. மாரிக்கு முன்னம் குடும்பத்தோடு வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். பிடித்தால் நாள் வைப்பார்கள். பரீனா இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் பேச்சு வந்த நாளிலிருந்து அவள் ஊற்றுகிற தேத்தண்ணியில் இரட்டிப்புச் சீனி விழுந்துகொண்டிருந்தது. றுக்கியாவுக்கு அது போதும்.

சுவர் எழும்பியாயிற்று. மேலே வானம். கதவு இருக்க வேண்டிய இடத்தில் சாக்கு. மாமரத்தின் கீழ் மிசின்.

மிசினின் நெற்றியில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. முதலாளி அதைப் பழப்புளி போட்டுத் தன் கையாலேயே துலக்கினார். பார்க்க வந்தவர்களிடம், "ராணிட உத்தரவு அதில வெட்டிக் கிடக்கு" என்றார். தபால் கந்தோரில் வேலை செய்கிற ஒருவர் வந்து குனிந்து வாசித்தார்.

"என்னவாம்?" என்றார் முதலாளி.

"விரலை உள்ளுக்கு விட வேணாமாம்."

"பாத்தீங்களா! ராணி எங்கட விரலுக்கும் பொறுப்பு எடுத்திருக்கா."

அது என்ன செய்யும் என்பதைக் கண்டுபிடித்தது றுக்கியாவின் தம்பி பக்கீர். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சினைக் கொண்டுவந்து பட்டி மாட்டி ஓடவிட்டான். ஒரு பலகையைக் கொடுத்தார்கள். மிசின் வாங்க மறுத்தது. இன்னும் சின்னப் பலகை, அதுவும் இல்லை. கோபத்தில் முதலாளி கையில் அகப்பட்ட ஒரு முதிரை மரச் சிலாகையை, கூரைக்கு அடிக்கிற ஒடுங்கிய மெல்லிய சட்டத்தை, உள்ளே தள்ளினார். மிசின் அதை மரியாதையாக வாங்கிக்கொண்டது. உருளை இழுக்க, கத்தி பாட, மேலே சுருள் சுருளாகப் பொன்னிறச் சீவல் பறந்தது. மறுபக்கத்தால் வெளியே வந்த சிலாகையின் மேற்புறம் நீர் தேங்கினது போல மினுங்கியது.

"இவ்வளவு இரும்பு," என்றான் பக்கீர், "இந்த ஈர்க்குக்கா?"

"வெள்ளைக்காரன் விசயம் இல்லாமச் செய்வானா? யோசி."

துரைமாரின் வள்ளத்துக்கு என்றார்கள் சிலர். யன்னல் தட்டிக்கு என்றார்கள் சிலர். பல்லுக்குத்தி செய்வதற்காக இருக்கும் என்றான் பக்கீர். றுக்கியா அந்தச் சிலாகையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெயில் பட்ட இடத்தில் முதிரையின் ரேகை தயிராடை மாதிரி அசைந்தது. கதவு வராத கோபம் அவளுக்கு இருந்தது. இருந்தும் அந்த நிமிசத்தில் மிசினைத் திட்ட மனம் வரவில்லை.

மரக்காலையில் முதிரைத் துண்டு குவிந்து கிடந்தது. முதலாளிக்குப் புத்தி உதித்தது. மகள் வீட்டுக் கூரைக்குச் சீவின முதிரைச் சிலாகை! கிண்ணியாவில் மட்டுமல்ல, கொழும்பிலும் இருக்காது.

அந்த நாட்களை றுக்கியா பின்னாளில் நினைத்துப் பார்க்கிறபோதெல்லாம் முதலில் வருவது மணம்தான். மண்ணெண்ணெய்ப் புகையும் முதிரை மணமும் கலந்து வளவு முழுக்க நிற்கும். காலையில் எருமைத் தயிரும் பழஞ்சோறும் பச்சைமிளகாயும் தின்றுவிட்டுப் பக்கீர் எஞ்சினைச் சுழற்றுவான். பாலையூற்றிலிருந்து தச்சுவேலைக்குப் பாதை ஏறி வந்த கோணாமலை ஓடாவியார் வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு சிலாகையைக் கொடுப்பார்; முதலாளி மறுபக்கம் நின்று, பிள்ளைப்பேறு பார்க்கிறவர் போல இரு கையாலும் ஏந்தி எடுப்பார். பக்கத்து வளவுப் பெண்கள் கடகத்தோடு வந்து சீவல் அள்ளிப் போவார்கள். அடுப்பு மூட்ட அதைப் போல வராது. றுக்கியா நல்ல மென்சுருளாகப் பொறுக்கித் தலகணி உறைகளுக்குள் அடைத்தாள். கலியாணத் தலகணி.

ஒரு பக்கம்தான் சீவலாம். மறுபக்கத்தையும் கொடுத்தால் மெல்லிசாகி உள்ளேயே முறிந்தது. அதனால் ஒவ்வொரு சிலாகைக்கும் ஒரு முகம் பட்டு, மறுமுகம் வாள் பல்லின் கீறலோடு சொரசொரத்த சிலாம்பு.

கூரையில் ஏற்றுகிற நாள் றுக்கியா கீழே நின்று கேட்டாள்: "ஓடாவியார், சீவின பக்கம் உள்ளுக்குத்தானே பாக்கும்?"

கோணாமலை முதலாளியைப் பார்த்தார். அவர் எந்த வேலையிலும் முதலில் பார்ப்பது முதலாளியின் முகத்தைத்தான். மரத்தை அதற்குப் பிறகு பார்ப்பார்.

"உள்ளுக்கு ஆர் பாக்கிறது?" என்றார் முதலாளி.

"படுத்துக் கிடக்கிற புள்ள பாப்பாள்."

"படுக்கிற ஆள் கண்ண மூட வேணும். ரோட்டால போறவன் கண்ணத் திறந்துகொண்டு போறான்."

"ஓடு போட்டா ரோட்டால போறவனுக்கு என்ன தெரியும்?"

"அதுக்குத்தான் கொஞ்ச நாளைக்கு ஓடு போடாம விடப் போறன்."

"முதலாளி சொன்னாச் சரிதான்," என்றார் கோணாமலை. "சட்டையிட நல்ல பக்கத்த உள்ளுக்கு வச்சு ஆர் உடுக்கிறது?"

அப்படியே நடந்தது. வீதிப் பக்கத்துச் சரிவுக்கு மட்டும் சீவின சிலாகை, பட்டு முகம் வானத்துக்கு. அதற்கு மேல் தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் தேய்த்து மினுக்கு. கோடிப்புறச் சரிவுக்கு, அங்கே கோழியைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை என்பதால், பழைய பனஞ்சிலாகை. வெறுங்கூரை வெயிலில் எரிந்தது. துறையடியில் இறங்குகிறவன் கண்ணைக் கூசிக்கொண்டு விசாரித்தான். நிலாவெளியிலிருந்து கூட ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் முதலாளி கதை சொன்னார்; றுக்கியா தேத்தண்ணி ஊற்றினாள்; வீட்டில் சீனி முடிந்தது.

மேகம் கறுக்கத் தொடங்கின பிறகே ஓடு ஏறியது. பிளந்த மூங்கில் மாதிரி வளைந்த பீலி ஓடு. அதற்குக் கொளுக்கி இல்லை. சிலாகையின் சொரசொரப்பில், தன் பாரத்தில், ஒன்றின் மேலொன்று படுத்துக் கிடக்கும். கிடந்தது. மெழுகு மினுக்கின் மேலும் கிடந்தது, யாரும் அதைத் தொந்தரவு செய்யாதவரைக்கும்.

*

விதானையார் வந்த நாள் வானம் இறங்கி இருந்தது. மாட்டு வண்டியால் இறங்கியவர் துருக்கித் தொப்பியைச் சரிசெய்து, கைத்தடியால் நிலத்தைத் தட்டிப் பார்த்தார். பின்னால் அவர் மனைவி நஜ்முன் நிஸா. அதற்குப் பின்னால் அண்ணன் தம்பி, மச்சான்மார், ஒரு படை. மாப்பிள்ளை வரவில்லை, வருவது வழக்கமில்லை.

நெய்ச்சோறும் கோழியும் நல்லபடி இறங்கின. இனிப்புக்கு வைத்த வட்டிலப்பச் சட்டி ஆறுவதற்காக வெளித் தாழ்வாரப் படியில் இருந்தது. பெண்கள் புது வீட்டு உள்ளறையில் பாய் விரித்து இருந்தார்கள். நஜ்முன் நிஸா சுவரைத் தடவினாள், தரையைப் பார்த்தாள், பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"கூரை ஊரெல்லாம் கதையா இருந்திச்சே. இது சிலாம்பாக் கிடக்கு?"

"மினுக்கம் மேல் பக்கம்" என்றாள் றுக்கியா. சொல்லும்போதே வாய் கசந்தது.

"மேலயா? ஆருக்கு, காகத்துக்கா?"

அந்த நேரம் பார்த்து வெளியே முதலாளியின் குரல் கேட்டது. "விதானையார், மிசினப் பாக்காமப் போனா வீடு பாத்ததாக் கணக்கில்ல. பக்கீர், சுத்து!"

மழைக்குப் பயந்து மிசினை வீட்டுச் சுவரோடு ஒரு சின்னச் சாய்ப்பாகப் பத்தி இறக்கி அதன் கீழ் வைத்திருந்தார்கள். பத்தியின் வளைமரம் வீட்டுக் கூரையோடு பூட்டியிருந்தது. எஞ்சின் இருமி, உறுமி, பிடித்தது. சுவர் சன்னமாக அதிர்ந்தது. பாயில் இருந்தவர்களின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் வட்டம் வட்டமாய் அலை விரிந்தது.

முதலில் ஒரு ஓடு. சர்ரென்று ஒரு சத்தம். வெளியே சட்டி உடைந்தது. வட்டிலப்பம் போயிற்று என்று றுக்கியாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு அதன் அயல் ஓடு. பிறகு வரிசை. பள்ளி விட்ட பிள்ளைகள் மாதிரி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இறங்கின. உள்ளறைக்குள் கோடு கோடாக வெளிச்சம் விழுந்தது. சர்பத் தட்டோடு வந்த பரீனா நடுவறையில் நின்று அண்ணாந்தாள். அவள் முகத்திலும் கோடு விழுந்தது.

பத்திக்குள் நின்றவர்களுக்கு எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இந்தக் கடகடப்பும் மிசினோடயா?" என்று விதானையார் கத்தினார்.

"ஓம் விதானையார்!" என்று முதலாளி திருப்பிக் கத்தினார். "இதுதான் அதுட முழுப் பெலன்!"

றுக்கியா ஓடிப்போய்ப் பக்கீரின் தோளில் அடித்தாள். எஞ்சின் நின்றது. நின்ற பிறகும் நாலைந்து ஓடு, ஆறுதலாக, யோசித்து யோசித்து இறங்கி வந்து முற்றத்தில் விழுந்தது. விதானையார் வெளியே வந்து பார்த்தார். தொப்பியில் செம்மண் தூள்.

"முதலாளி, உங்கட மிசின் கூரையையும் சீவிப் போட்டுது."

முஹம்மது தம்பி குனிந்து ஒரு ஓட்டுத் துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். கோணாமலை ஓடாவியார் மாமரத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"வீடு பாக்க வந்தம். வீட்டையும் பாத்தம், வானத்தையும் பாத்தம்," என்றார் விதானையார். "வண்டியக் கட்டு. உப்பாத்துப் பாதைய அஸர் தொழுகைக்கு முன்னம் புடிக்கோணும்."

வண்டி போயிற்று. மணலில் விழுந்து உடையாமல் தப்பிய ஓட்டுக் குவியலின் மேல் முதலாளி குந்தினார். பரீனா தட்டை இறக்கி வைக்காமல் அப்படியே நின்றாள்.

"உம்மா," என்றாள் மெதுவாக, "அந்த மனிசி போகக்குள்ள என்ட கையப் புடிச்சிற்றுத்தான் போனா."

றுக்கியா மகளைப் பார்த்தாள். பிறகு வடக்கே பார்த்தாள். கடல் பக்கம் வானம் மைபோல் கறுத்து, வாடைக்காற்று தென்னோலையைப் புரட்டிப் போட்டது.

"பக்கீர், ஏணிய வை. ஓடாவியார், மாமரம் எங்கயும் போகாது, ஆணி புடுங்கிற சாமான எடுங்க. எல்லாச் சிலாகையையும் கழட்டிப் புரட்டி அடிக்கிறம். சிலாம்பு மேல, சீவினது கீழ."

"புரட்டினா," முதலாளி ஓட்டுக் குவியலில் இருந்தபடியே ஈனக்குரலில் சொன்னார், "ரோட்டால போறவனுக்கு..."

"ரோட்டால போறவன் உங்கட மகளைக் கட்டப் போறதில்ல. எழும்புங்க!"

அவர் எழும்பினார். அது அவள் வளவு.

பாதி ஆணி பிடுங்கும்போது வண்டிச் சத்தம் திரும்பிக் கேட்டது. காற்றுக்குப் பயந்து உப்பாற்றுப் பாதையைக் கட்டிப்போட்டுவிட்டான் பாதைக்காரன். மூதூருக்குப் போக வழியில்லை. மழை தூறத் தொடங்கிவிட்டது. கோபித்துக்கொண்டு போனவன் போன வழியே திரும்பி வருவதைப் போல உலகத்தில் சங்கடமான பயணம் இல்லை. விதானையார் வண்டியிலிருந்து இறங்காமல், தான் வந்தது வேறு யாருக்கோ நடந்த சம்பவம் என்பது போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

நஜ்முன் நிஸா இறங்கினாள்.

"மழைக்கு ஒதுங்கக் கூரை வேணும்," என்றாள் பொதுவாக. "ஓட்ட எடுத்துக் குடுங்க புள்ளையள்." சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குவியலடிக்குப் போய்விட்டாள்.

பிறகு யார் நிற்பது? மச்சான்மார் சட்டையைக் கழற்றினார்கள். வரிசை நீண்டது. ஓடு கையிலிருந்து கைக்கு ஏறியது. விதானையார் முதலில் கைத்தடியால் அதிகாரம் பண்ணிப் பார்த்தார். "அங்க குடு! இஞ்சால தள்ளு!" ஒருவரும் கேட்கவில்லை. கோணாமலை மேலிருந்து, "விதானையார் ஐயா, கத்துற பெலத்துக்கு ரெண்டு ஓடு தூக்கினா முடிஞ்சிரும்" என்று கூவினார். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு வெடித்தது. விதானையார் கோட்டைக் கழற்றினார். தொப்பியைக் கழற்றி, நனையாமல் வைக்க இடம் தேடி, கடைசியில் பத்திக்குள் மிசினின் உச்சியில் வைத்தார். குஞ்சம் தொங்கத் தொப்பி போட்டுக்கொண்டு மிசின் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்திலேயே வேலை செய்யாமல் நின்றது அது ஒன்றுதான்.

விதானையார் எடுத்துக் கொடுக்கிற ஓட்டை வாங்குகிற இடத்தில் முஹம்மது தம்பி நின்றார். முதல் பத்து ஓட்டுக்கு இருவரும் முகம் பார்க்கவில்லை.

"மிசின் கத்தி எந்த ஊர் உருக்கு?" என்று விதானையார் பிறகு கேட்டார்.

"இங்கிலாந்து."

"அதானே பாத்தன்."

*

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. தொழுகை முடிந்து, மிஞ்சின நெய்ச்சோற்றைச் சூடாக்கித் தின்று, ஆண்கள் தாழ்வாரத்தில் கால் நீட்டினார்கள். உள்ளறையில் பெண்கள் பாய் விரித்துச் சாய்ந்தார்கள். கதவு இல்லாததால் சாக்கு காற்றில் படபடத்தது. ஒரு சொட்டு ஒழுக்கில்லை.

லாம்பு வெளிச்சம் மேலே ஏறியது. மெழுகு தேய்த்த முதிரை அதை வாங்கி, பொன்னாக்கி, அறை முழுக்கத் திருப்பிக் கொடுத்தது. நஜ்முன் நிஸா மல்லாந்து கிடந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு வடிவ மேல வச்சு மறைச்சிருந்தீங்களே. முதல்லயே இப்பிடி அடிச்சிருந்தா என்ன?"

"ரோட்டால போறவங்க பாக்கணுமாம்" என்றாள் றுக்கியா.

தாழ்வாரத்திலிருந்து முதலாளியின் குரல், பழைய கனத்தோடு, சாக்கைத் தாண்டி வந்தது. "...சீவின பக்கம் உள்ளுக்கு. அதுதான் விதானையார் இங்கிலீசு முறை. நான் எப்பவோ சொன்னனான்."

"நான் பாத்த உடனயே புடிச்சிட்டன் முதலாளி," இது விதானையார். "கவர்மென்டில நான் இருக்கக்குள்ள இப்பிடித்தான் ஒரு கட்டடம்..."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நஜ்முன் நிஸாவின் வயிறுதான் முதலில் குலுங்கியது. பிறகு றுக்கியா முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். மூலையில் லாம்புத் திரியைக் குறைத்துக்கொண்டிருந்த பரீனா என்ன நடக்கிறதென்று விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கட வீட்டிலயும் எல்லாம் ரோட்டுப் பக்கம்தான்," என்றாள் நஜ்முன் நிஸா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மகன் அப்பிடியில்ல. அவன் என்னப் போல."

மழை ஓட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கழுத்தை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, றுக்கியா அடைத்து வைத்திருந்த முதிரைச் சுருள் தலகணிப் பக்கம் கையை நீட்டினாள்.

"அத இஞ்சால தாங்க, சம்மந்தி."